பொடியான நாற்காலி, மிஞ்சிய நீலப் பதிகற்கள்: அரசி ஹெடெப்ஹெரெஸின் இரண்டாம் ஆசனம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பழைய எகிப்தின் அரச மரச்சாமான்களில் ஃபயான்ஸ் (குவார்ட்ஸ் தூளைச் சுட்டு, மேலே கண்ணாடி போன்ற மெருகு ஏற்றிய பொருள்) பதிகற்கள் உதிரியாகக் கிடைப்பதே வழக்கம். மரம் மக்கிப்போகும், பொன்தகட்டைத் திருடர்கள் உரித்துப் போவார்கள், நீலச் சில்லுகள் மட்டும் மண்ணோடு கிடக்கும். அப்படிப்பட்ட சில்லுகள் பல அருங்காட்சியக அலமாரிகளில் ‘பதிகல், பயன் தெரியவில்லை’ என்ற சீட்டோடு உட்கார்ந்திருக்கின்றன. கீழே விவரிக்கும் நிகழ்வில் அதே வகைச் சில்லுகளிலிருந்து ஒரு முழு ஆசனம் திரும்பக் கிடைத்தது. அதற்குக் காரணம், 1920-களில் அந்தச் சில்லுகளை எடுத்தவர்கள் ஒவ்வொன்றும் எங்கே, எப்படிக் கிடந்தது என்பதை எடுப்பதற்கு முன் பதிந்து வைத்ததுதான்.

பின்னணி

கீசாவில் பெரிய பிரமிடுக்குக் கிழக்கே, அரசியருக்கான சிறு பிரமிடுகளின் அருகில், ஹார்வர்ட் பல்கலைக்கழகமும் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமும் சேர்ந்து நடத்திய அகழ்வு நடந்துகொண்டிருந்தது. 1925 பிப்ரவரி தொடக்கத்தில் குழுவின் புகைப்படக்காரர் கேமரா முக்காலியை ஊன்றிய இடத்தில், பாறைக்கு நடுவே வெள்ளைச் சாந்து பூசிய ஒட்டு ஒன்று தென்பட்டது. அதை நீக்கியதும் படிகள் வந்தன, படிகளுக்கு அப்பால் கல் அடுக்கி அடைத்த செங்குத்துக் குழி. தரைக்கு மேல் கல்லறைக் கட்டடம் எதுவும் இல்லை. கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஏறத்தாழ 27 மீட்டர் ஆழம் இறங்கிய பிறகு, மார்ச் மாதத்தில் அறை தெரிந்தது.

அறையில் முதலில் கண்ணில் பட்ட பெயர் ஸ்நெஃப்ரு மன்னருடையது. பிறகுதான் அது அவருடைய மனைவியும், பெரிய பிரமிடைக் கட்டிய மன்னர் கூஃபுவின் தாயுமான ஹெடெப்ஹெரெஸின் உடைமைகள் என்று தெளிந்தது. நான்காம் அரச மரபு, கி.மு. 2600-ஐ ஒட்டிய காலம். பொன்தகடு போர்த்திய விதானச் சட்டம், கட்டில், இரண்டு கைநாற்காலிகள், சுமந்து செல்லும் பல்லக்கு நாற்காலி, விதானத் திரைகளை வைக்கும் நீண்ட பெட்டி, வெள்ளிக் காப்புகள் அடங்கிய பேழை, பளிங்குச் சவப்பெட்டி என அரண்மனையின் ஓர் அறையையே உள்ளே இறக்கி வைத்திருந்தார்கள்.

இவற்றில் ஃபயான்ஸ் பதிப்பு வேலை முக்கியமாக மூன்று இடங்களில் இருந்தது. கட்டிலின் கால்மாட்டுப் பலகையில் நீலமும் கறுப்புமாக இறகு வடிவமும் பூ வடிவமும், திரைப் பெட்டியின் பக்கங்கள், பிறகு இரண்டாவது கைநாற்காலி. அந்த நாற்காலி உள்ளும் புறமும் பொன்னும் நீலமுமாக நிறைந்த வேலை. முழுச் சிக்கலும் அங்கேதான் வந்தது.

அறையில் கண்டது

அறை ஏறத்தாழ 5 மீட்டர் நீளம், 2.7 மீட்டர் அகலம், நிமிர்ந்து நின்றால் தலை கூரையைத் தொட்டுவிடும் உயரம். தரையில் கால் வைக்க இடமில்லை. சாமான்களின் மரம் நாலரை ஆயிரம் ஆண்டுகளில் சுருங்கி, தொட்டால் பொடியாகும் நிலைக்கு வந்திருந்தது. ஆனால் மரத்தின் மேல் போர்த்திய கனமான பொன்தகடு, மடிப்பும் விளிம்பும் ஆணித் துளையும் மாறாமல் அப்படியே கிடந்தது. எனவே விதானம், கட்டில், முதல் நாற்காலி ஆகியவற்றில் மரம் போனாலும் அதன் அளவு தகட்டில் தங்கிவிட்டது. தகட்டின் உட்புறத்தை அளந்தால் மரச்சட்டத்தின் பருமன் கிடைத்துவிடும்.

இரண்டாம் நாற்காலியில் இந்த வசதி இல்லை. பரப்பின் பெரும்பகுதி சிறு சிறு பதிகற்களால் ஆனது. அடியில் இருந்த மரமும் பசையும் விட்டுக்கொடுத்ததும் அவை தாங்கல் இழந்து சரிந்து, குவியலாகிவிட்டன. மேலோட்டமாகப் பார்த்தால் நீலச் சில்லும் பொன் துணுக்கும் கலந்த குப்பை மேடுதான்.

ஆனாலும் அது வெறும் குப்பை மேடு அல்ல. மரம் ஒரே நாளில் உடைந்து விழுவதில்லை, மெல்ல மெல்ல உளுத்து உட்கார்ந்துபோகும். அப்போது மேலிருக்கும் பதிகற்களும் பக்கத்துப் பதிகல்லை விட்டு வெகுதூரம் போகாமல், ஏறக்குறைய அதே வரிசையில் கீழே இறங்கும். ஒரு பலகை முகம் குப்புற விழுந்திருந்தால், மேலே தெரிவது பதிகற்களின் முதுகு. அந்த இடத்தில் உருவம் இடம் வலம் மாறித் தெரியும். அடுக்கு அடுக்காக இருந்தால், மேல் அடுக்கு ஒரு பலகை, கீழ் அடுக்கு வேறொரு பலகை. குவியலைப் படிக்க முடியும். ஆனால் ஒரு முறைதான் படிக்கலாம், கையில் எடுத்த கணமே அந்தப் பக்கம் அழிந்துவிடும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, காத்திருப்பது. கண்டுபிடிப்பு நடந்தபோது குழுத் தலைவர் எகிப்தில் இல்லை. அவர் திரும்பி, ஏற்பாடுகள் முடிந்து, 1926 ஜனவரியில்தான் அறையைக் காலி செய்யும் வேலை தொடங்கியது. துட்டன்காமன் கல்லறை உலகச் செய்தியாக ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. பளிங்குச் சவப்பெட்டி 1925-லேயே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, உள்ளே அரசியின் உடல் இருக்கும் என்றே எல்லாரும் எதிர்பார்த்தார்கள். இருந்தும் அது திறக்கப்பட்டது 1927 மார்ச்சில். சாமான்களின் சிதைவைத் தாண்டாமல் சவப்பெட்டியை நெருங்க வழியில்லை. தாண்டினால் சாமான்கள் போய்விடும். ஏறத்தாழ இரண்டு ஆண்டு பொறுத்தார்கள். திறந்தபோது பெட்டி காலி. உடல் கிடைக்காத அந்த ஏமாற்றத்துக்குப் பிறகு, அந்த இரண்டு ஆண்டுப் பொறுமையில் மிஞ்சிய பெருஞ்செல்வம் சாமான்களின் பதிவுதான்.

இரண்டாவது முடிவு, தரையை மிதிக்காமல் வேலை செய்வது. சிதைவுக்கு மேலே பலகை போட்டு, அதில் மெத்தை விரித்துக் குப்புறப் படுத்தபடி, மென்தூரிகையும் சாமணமும் கொண்டு ஒவ்வொரு துண்டாக எடுத்தார்கள்.

மூன்றாவது முடிவுதான் எல்லாவற்றையும் காப்பாற்றியது: எதையும் எடுக்கும் முன் படம், வரைபடம், எண் மூன்றும் முடிந்திருக்க வேண்டும். ஒரு மட்டம் எடுத்தபின் அடுத்த மட்டத்துக்கு மறுபடியும் அதே மூன்றும். கண்ணாடித் தகட்டு நெகட்டிவ்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள், 1,700 பக்கமளவு குறிப்புகள் சேர்ந்தன. அறையின் பரப்போ 15 சதுர மீட்டருக்கும் குறைவு. அன்றைய அகழ்வுகளோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம், சிலருக்கு வீண் வேலையாகக்கூடத் தோன்றியிருக்கும்.

முதல் மீட்பும் விட்டுப்போன நாற்காலியும்

விதானம், கட்டில், முதல் நாற்காலி, பல்லக்கு நாற்காலி ஆகியவற்றின் பொன்தகடுகளைப் புது மரத்தின் மேல் ஏற்றிக் கெய்ரோ அருங்காட்சியகத்தில் மீண்டும் நிறுத்தினார்கள். சிலவற்றின் பிரதிகள் பாஸ்டனிலும் செய்யப்பட்டன. முதல் நாற்காலியின் கைகளுக்கு அடியில் மூன்று பாப்பிரஸ் தண்டுகளைச் சேர்த்துக் கட்டிய வடிவமும் சிங்கக் கால்களும் இன்று பலருக்கும் தெரிந்த உருவம்.

இரண்டாம் நாற்காலி மட்டும் எழுந்து நிற்கவில்லை. அதன் உருவம் காகிதத்தில் மீண்டுவிட்டது: கைகளின் பக்கவாட்டில் பனைத்தூண் மேல் அமர்ந்த, ஹோரஸ் கடவுளைக் குறிக்கும் பருந்து, முதுகுப் பலகையில் ‘நெய்த்’ என்ற எகிப்தியத் தேவியின் சின்னம். ஆனால் அசல் பதிகற்களைக் கொண்டே மீண்டும் கட்டுவது வேறு வேலை. சில்லுகளின் விளிம்புகள் சிதைந்திருந்தன, மெருகு உதிர்ந்திருந்தது, ஒன்றோடொன்று பொருந்தும் முகங்கள் தேய்ந்திருந்தன. அவற்றைப் புது மரத்தில் ஒட்டினால் பழைய பொருளும் கெடும், புது உருவமும் சரியாக வராது. கட்டாமல் விட்டது சரியான முடிவு என்பதே எங்கள் கருத்து.

பதிகல்லில் என்ன இருக்கிறது

அடுத்த கட்டத்தைப் புரிந்துகொள்ள ஃபயான்ஸ் என்ன பொருள் என்பதைச் சொல்ல வேண்டும். அதைப் பீங்கான் என்று எழுதுகிறார்கள், தவறு. அதில் களிமண் ஏறக்குறைய இல்லை. பொடித்த குவார்ட்ஸ், அதாவது வெங்கச்சங்கல் தூள் அல்லது தூய மணல், 92 முதல் 99 சதவீதம். சுண்ணாம்பு 1 முதல் 5 சதவீதம், சோடா உப்பு 5 சதவீதம் வரை. நீலத்துக்கும் பச்சைக்கும் செம்பு, கறுப்புக்கும் பழுப்புக்கும் மாங்கனீசு. எகிப்தியர் இதை ‘ஒளிர்வது’ என்ற பொருளுள்ள சொல்லால் அழைத்தார்கள்.

மெருகு ஏற்ற மூன்று வழிகள் உண்டு. ஒன்று, சோடாவைக் கலவையிலேயே சேர்த்து, காயும்போது அது நீரோடு மேலே வந்து உப்பாகப் பூக்க விடுவது. ஈரச் சுவரில் உப்பு பூப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சூளையில் அந்த உப்புப் பூச்சு குவார்ட்ஸோடு உருகிக் கண்ணாடியாகும். இரண்டாவது, காய்ந்த பொருளை மெருகுத் தூளுக்குள் புதைத்துச் சுடுவது. மூன்றாவது, மெருகுக் கரைசலை மேலே பூசிச் சுடுவது. எதில் செய்தது என்பதை லென்ஸ் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் பிடித்துவிடலாம். அடிப்பக்கம் மெருகில்லாமல் மணலாக இருந்து, விளிம்பில் மெருகு சற்றுத் தடித்திருந்தால் உப்பு பூத்த வழி. சுற்றிலும் ஒரே சீராக மெருகு இருந்து, வைத்த தடயமே இல்லாவிட்டால் புதைத்துச் சுட்டது. தூரிகைக் கோடோ வழிந்த சொட்டோ தெரிந்தால் பூசியது.

நான்காம் மரபின் வேலைக்கு வண்ணத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கோபால்ட் தரும் ஆழ்ந்த நீலமும், ஈய ஆன்டிமனி தரும் மஞ்சளும் ஆயிரம் ஆண்டுக்குப் பிந்திய புதிய அரசுக் காலத்தில்தான் வருகின்றன. ஹெடெப்ஹெரெஸின் நாற்காலிக்குப் பிரதி செய்பவர் கடையில் கிடைக்கும் கோபால்ட் நீலத்தை எடுத்தால், கண்ணுக்கு அழகாக இருக்கும், காலம் தப்பிவிடும். நான்காம் மரபுக்கு முந்தைய மரபில், சக்காராவில் ஜோசர் மன்னரின் படிப் பிரமிடுக்கு அடியில் பதித்த ஏறத்தாழ 36,000 ஃபயான்ஸ் ஓடுகளைப் பார்த்தால் செம்பு எவ்வளவு ஆட்டம் காட்டும் என்பது புரியும். ஒரே சுவரில் வான நீலமும் புல் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பிரதியில் எல்லா ஓடும் ஒரே நிறமாக வந்தால் அதுவே பொய்யாகத் தெரியும்.

மறு உருவாக்கம்

தொண்ணூறு ஆண்டுக்குப் பிறகு, ஹார்வர்டில் ஒரு குழு அந்தப் பழைய குறிப்புகள், வரைபடங்கள், படங்களை வைத்து இரண்டாம் நாற்காலியைக் கணினியில் முப்பரிமாணமாக எழுப்பியது. பிறகு அதைக் கையில் தொடும் பொருளாகச் செய்ய முடிவெடுத்தது. எடுத்த பொருள்கள்: தேவதாரு மரம், ஃபயான்ஸ் ஓடுகள், தங்க ரேக்கு, சுண்ணப்பூச்சான ஜெஸ்ஸோ, செம்பு, இருக்கைக்குப் பின்னிய கயிறு. மரத்தைக் கணினி ஓட்டும் வெட்டு எந்திரம் செதுக்கியது.

பிளாஸ்டிக்கில் அச்செடுத்து நீலச் சாயம் பூசியிருந்தாலும் தூரத்திலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் சில கேள்விகளுக்கு உண்மைப் பொருளைக் கையாண்டால்தான் விடை வரும்: ஓடு எவ்வளவு மெல்லியதாக இருக்கலாம், கூர்முனை எவ்வளவு நீளம் தாங்கும், பொன் விளிம்புக்கும் ஓட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் வேண்டும். இந்த முடிவை நாங்கள் முழு மனதோடு ஆதரிக்கிறோம்.

இத்தகைய ஓடு செய்வோருக்குப் பயன்படும் என்பதால் பட்டறை விவரத்தைச் சற்று விரிவாகத் தருகிறோம்.

தொடக்கக் கலவையாக 100 கிராம் நுண்ணிய குவார்ட்ஸ் தூளுக்கு 5 கிராம் சோடா, 3 கிராம் சுண்ணத்தூள், 2 முதல் 3 கிராம் செம்பு கார்பனேட் வைத்துச் சோதிக்கலாம். இந்தக் கலவைக்கு இழுவை இல்லை. கையில் பிடித்தால் கெட்டியாக நிற்கும், அழுத்திப் பிசைந்தால் இளகிச் சரியும், வேகமாக வளைத்தால் வெடிக்கும். அதனால் இன்றைய மண்பாண்டக் கலைஞர்கள் களிமண்ணும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத் தூளும் சேர்க்கிறார்கள். வேலை எளிதாகும், ஆனால் உடைந்த முகம் பழைய பொருளின் மணற்பாங்கான வெள்ளையாக இருக்காது. தூளைக் கையாளும்போது தகுந்த முகமூடி கட்டாயம், குவார்ட்ஸ் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

தகடாகத் தட்டி, வடிவத்தை ஈரத்திலேயே வெட்ட வேண்டும். இங்கேதான் முதல் தவறு நடக்கும். காய்ந்த பிறகு வெட்டினாலோ இழைத்தாலோ மேலே பூத்த உப்பு போய்விடும், அந்த இடம் சுட்டபின் சொரசொரப்பாக, வெளிறித் தெரியும். விரல் பட்ட இடம்கூட விரல் வடிவத்தில் மங்கும். காயும் ஓட்டை விளிம்பைப் பிடித்தோ அடியில் தகடு கொடுத்தோதான் நகர்த்த வேண்டும்.

காய்வது மெல்லவும் சீராகவும் நடக்க வேண்டும். ஒரு பக்கம் காற்று அடித்தால் உப்பு முழுவதும் அந்தப் பக்கம் ஓடும். மூலைகளில் எப்போதும் அதிகம் பூக்கும், எனவே கூர்முனைகளில் மெருகு தடிக்கும். பதிகல்லுக்கு முகம் மட்டும் மெருகாக இருந்தால் போதும், அடி மணலாக இருப்பதே நல்லது, பசை அங்கேதான் பிடிக்கும்.

சூடு 800 முதல் 1000 டிகிரி செல்சியசுக்குள். குறைந்தால் மெருகு உருகாமல் சர்க்கரை தூவியது போல் நிற்கும். கூடினால் முனைகள் மழுங்கி, ஓடு அடியில் இருக்கும் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். சூளையில் காற்று போதாமல் புகை சேர்ந்தால் செம்பு நீலம் தராது, சிவப்போ பழுப்போ ஏறும். செம்பு மிகுந்தால் கறுத்த உலோகத் திட்டு வரும்.

ஓடு காயும்போதும் சுடும்போதும் சுருங்கும், அதுவும் ஒவ்வொரு தொகுதிக்கும் சற்று மாறிச் சுருங்கும். எந்திரம் வெட்டிய குடைவோ மில்லிமீட்டரின் பின்னம் வரை ஒரே அளவாக இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஓடு ஒன்று உள்ளே போகாது, அடுத்தது ஆடும். விளிம்பைத் தேய்த்துப் பொருத்தலாம், தேய்த்த விளிம்பில் வெள்ளை உட்பொருள் தெரியும், அது பொன் விளிம்புக்குக் கீழே மறையும்படி இருக்க வேண்டும். எனவே எங்கள் பரிந்துரை: ஓடு முதலில், குடைவு பிறகு. சுட்டு முடிந்த ஓட்டை அளந்து, சுற்றிலும் அரை மில்லிமீட்டர் இடம் விட்டுக் குடைவு வெட்டினால் உடைசல் பெருமளவு குறையும். மரமும் பருவத்துக்கேற்ப அசையும், ஓடு அசையாது. இடமே விடாமல் இறுக்கிப் பதித்த ஓடு சில மாதத்தில் விளிம்பில் செதில் விடும்.

விளைவு

2016-ல் முழு நாற்காலி ஹார்வர்ட் செமிட்டிக் அருங்காட்சியகத்தில் பார்வைக்கு வந்தது. இன்று அந்த இடத்தின் பெயர் ஹார்வர்ட் பண்டைய அண்மைக் கிழக்கு அருங்காட்சியகம். அசல் சில்லுகளில் ஒன்றைக்கூடத் தொடாமல் அந்த உருவம் எழுந்தது. சில்லு பத்திரமாக இருக்க, வடிவம் வேறிடத்தில் நின்றது. பழைய பொருளைப் பிரித்துப் புதிதில் ஒட்டும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல மாற்று நாங்கள் அறிந்தவரை இல்லை.

இதன் அடித்தளம் 1926, 1927 ஆண்டுகளின் குறிப்பேடுகள்தான். கணினியும் வெட்டு எந்திரமும் இல்லாமல் இந்த நாற்காலியைத் தச்சரும் குயவரும் கையாலேயே செய்திருக்க முடியும். அந்தக் குறிப்பேடுகள் இல்லாமல் எந்த எந்திரத்தாலும் முடிந்திருக்காது.

இன்று இதே அறை கிடைத்தால்

படுத்தபடி ஒவ்வொன்றாக எடுப்பதற்குப் பதில், குவியலைப் பகுதி பகுதியாக மண்ணோடும் பொடியோடும் சேர்த்துக் கட்டியாக எடுத்து, ஆய்வகத்தில் பிரிப்போம். அடியில் இருக்கும் அடுக்கை அங்கே மேலாகத் திருப்பிப் பார்க்கலாம், குப்புற விழுந்த பலகையின் முகம் அப்போது நேராகத் தெரியும். ஒவ்வொரு மட்டத்தையும் முப்பரிமாணப் படமாக எடுப்போம்.

மரப்பொடியையும் பசையையும் தூசி என்று துலக்கித் தள்ளாமல், ஒவ்வொரு பலகையிலிருந்தும் மாதிரி எடுத்து வைப்போம். எந்த மரம், எந்தப் பசை, பொன்னுக்கு அடியில் எத்தனை சுண்ணப்பூச்சு என்ற கேள்விகளுக்கெல்லாம் அதுவே விடை. நிறத்தைக் கண்ணால் சொல்லாமல், கையில் பிடிக்கும் எக்ஸ்-கதிர் கருவியால் செம்பும் மாங்கனீசும் அளந்து எழுதுவோம், ஏனெனில் மண்ணில் கிடந்த செம்பு நீலம் கரைந்து வெளிறிப்போகும், வெளிறிய நீலத்தை வெள்ளை என்று எழுதிவிடுவது எளிது.

சில்லுகளை நீரில் கழுவக் கூடாது. உள்ளே ஊறிய உப்பு நீர்பட்டுக் கரைந்து, மறுபடி காயும்போது மெருகுக்கு அடியில் படிகமாகி, அந்த நீல மெருகையே தள்ளிவிடும். உலர்ந்த மென்தூரிகையே போதும். மெருகு உதிர்ந்தால் பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் மிக நீர்த்த கரைசலாக்கி விளிம்பில் மட்டும் விடலாம். பெட்டியில் ஈரப்பதம் ஏறி இறங்காமல் நிலையாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு சில்லுக்கும் முகம், முதுகு, நான்கு விளிம்பு என ஆறு படம். அதன் சீட்டில் எண்ணோடு இரண்டு குறிப்பு கூடுதலாக: எடுத்தபோது எந்தப் பக்கம் மேலே இருந்தது, பக்கத்தில் இருந்த சில்லுகளின் எண்கள் என்ன.